கார்த்திகைப் பூவும் காய்ச்சலுக்குப் பிந்திய இதயமும்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் இருவரும் இதே கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். எங்களில் ஒருவர் இன்று வைத்தியர், மற்றவர் மருந்தாளர். செயற்குழுவினர் "மூலிகையும் இதயமும்" என்று பேசச் சொன்னபோது சற்றுத் தயங்கினோம். மூலிகையைப் புகழ்ந்தால் ஒரு பகுதியினர் கைதட்டுவார்கள், இகழ்ந்தால் மறுபகுதியினர் கைதட்டுவார்கள். எங்களுக்கு இரண்டும் வேண்டாம். ஆனால் எங்கள் வகுப்புத் தோழி ஒருவருக்கு நாங்கள் ஒரு பதில் கடன்பட்டிருந்தோம். அதை இங்கே சபையில் விரித்துச் சொல்ல அவரே அனுமதி தந்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன், எங்கள் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் நள்ளிரவு தாண்டி ஒரு செய்தி வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் தோழி எழுதியிருந்தார். அவருடைய மகனுக்கு அப்போது 19 வயது. ஒரு வாரம் காய்ச்சலும் வயிற்றோட்டமும். அது மாறிவிட்டது என்று இருந்தபோது, ஒருநாள் காலை வீட்டு மாடிப்படி ஏற முடியாமல் பாதிவழியில் இருந்துவிட்டான். வைத்தியசாலையில் பார்த்ததில் வைரஸ் கிருமியால் வந்த இதயத்தசை அழற்சி என்றார்கள். "வைரசுக்கு நேரா மருந்து இல்லை எண்டு டொக்டர்மார் சொல்லினம். எங்கட ஊர் மூலிகை ஒண்டும் இல்லையோடி?" என்று கேட்டிருந்தார்.

விடிவதற்குள் இலண்டன், மெல்பேர்ன், கொக்குவில், வத்தளை என்று எல்லா இடத்திலிருந்தும் பதில்கள். மஞ்சள் பால், உள்ளி, மரமஞ்சள் கசாயம், மருதம்பட்டை. ஒருவரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. அவற்றுள் ஒன்று மட்டும் எங்களைத் திடுக்கிட வைத்தது. நன்றாகப் படிக்கக்கூடிய ஒரு தோழி, கார்த்திகைக் கிழங்கில் உள்ள ஒரு மருந்து இதய அழற்சியைத் தடுக்கிறது என்ற ஆய்வைத் தேடி எடுத்துப் போட்டு, "எங்கட வேலியில நிண்ட கொடிதானே, பவுடர் ஆக்கி அனுப்பலாம்" என்று எழுதியிருந்தார். ஆய்வு உண்மையானது. அந்தப் பவுடர் போயிருந்தால் பிள்ளை இறந்திருக்கக்கூடும் என்பதும் உண்மை. நாங்கள் எழுதிக்கொண்டிருக்கவில்லை, உடனே தொலைபேசியை எடுத்தோம்.

முதலில் நோயைப் பற்றி. இதயத்தசை அழற்சியைத் தரும் வைரசுகள் பல. அவற்றுள் அதிகம் ஆராயப்பட்டது கொக்ஸாக்கி பீ 3. கொக்ஸாக்கி என்பது நியூயோர்க் மாநிலத்தில் ஒரு சிற்றூர். 1948 இல் அங்கிருந்த பிள்ளைகளிடமிருந்து இக்கூட்டத்து வைரஸ் முதலில் பிரித்தெடுக்கப்பட்டதால் அப்பெயர். இது இளம்பிள்ளைவாத வைரசின் உறவுக்காரன். இதயத்தசைக் கலத்தின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தைக் கதவாகப் பாவித்து உள்ளே போகும். போனபின் தன் நொதியம் ஒன்றால், கலத்துக்கு உறுதி கொடுக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதத்தை வெட்டிவிடும். எமது நாட்டில் டெங்கு வைரசும் இதயத்தைத் தாக்குகிறது. 2017 இல் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்ட நாடு இது. ஆகவே இது ரொறன்ரோக் கதை மட்டும் அல்ல.

இந்த நோயில் கவனிக்க வேண்டியது காலம். முதல் சில நாட்கள் வைரசின் ஆட்டம். அப்போது உடலின் நிர்ப்பீடனம் எங்களுடைய நண்பன்; அதை அடக்கினால் வைரஸ் பெருகும். அடுத்து வரும் வாரங்களில் வைரஸ் குறைந்தாலும், திரண்டு வந்த வெண்குழியங்கள் நிற்காமல் தசையையே தின்னத் தொடங்கலாம். அப்போது அதே நிர்ப்பீடனம் எதிரி. பெரும்பாலானோருக்கு இது தானாகவே அடங்கிவிடும். சிலருக்குத் தசை தழும்பாகி, இதயம் ஊதிப் பெருத்து, தள்ளும் வலு குறைந்துவிடும்.

பெரும்பாலானோருக்குத் தானாக அடங்கும் என்று சொன்னோமே, அதைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள். தானாக மாறும் நோயில் எதைக் குடித்தவரும் அதனால்தான் மாறியது என்று சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் குடிக்காமல் மாறியவர் எவரும் வந்து கதை சொல்வதில்லை.

இனி, அன்றைய இரவில் வந்த பதில்களை எடுப்போம்.

மஞ்சளை எங்கள் தோழி ஏற்கெனவே வாங்கியிருந்தார். மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் குளிசை, ஒரு போத்தல். மஞ்சளுக்கு ஆதாரமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் இருக்கும் கனடாவிலேயே, வன்கூவரில், 2007 இல் வெளியான ஓர் ஆய்வில், மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்ற பதார்த்தம் கொக்ஸாக்கி பீ 3 பெருகுவதைக் குறைத்தது. ஆனால் அது ஆய்வுகூடக் கிண்ணத்தில் வளர்த்த கலங்களில். கிண்ணத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே குடலும் ஈரலும் இருக்கின்றன. ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் ஏறக்குறைய 3 கிராம் என்றால், அதில் குர்க்குமின் 100 மில்லிகிராம் அளவுதான். விழுங்கியதில் பெரும்பகுதி குருதிக்குப் போகாமலே வெளியேறிவிடும். போகும் கொஞ்சத்தையும் ஈரல் விரைவாக மாற்றிவிடும்.

அதற்குத்தான் மிளகு. 1998 இல் பெங்களூரில் செய்த ஆய்வொன்றில், 2 கிராம் குர்க்குமினுடன் மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது, உடலில் சேர்ந்த அளவு இருபது மடங்கு கூடியது. எல்லா மஞ்சள் குளிசைப் போத்தலும் இதைப் பெருமையாகச் சொல்லும். சொல்லாதது ஒன்று உண்டு. பைப்பரின் மஞ்சளுக்கு மட்டும் கதவைத் திறப்பதில்லை. மருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதியங்களையே அது தடுக்கிறது. புரோப்ரனலோல் என்ற இதய மருந்தின் குருதி அளவைக் கூட்டுவது 1991 இலேயே காட்டப்பட்டது. எங்கள் தோழியின் மகனுக்கு அப்போது நான்கு விதமான இதயக் குளிசைகள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். போத்தலை வைத்தியசாலை மருந்தாளரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொன்னோம். அவர் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னார். இரசத்தில் போடும் மிளகுக்கும் கறியில் போடும் மஞ்சளுக்கும் இந்தப் பயம் வேண்டாம். 2020 இல் இறக்குமதி நின்று, மஞ்சள் கள்ளமாகக் கடல் தாண்டி வந்த நாட்களில் நாங்கள் மஞ்சளில்லாமலும் கறி வைத்தோம். அது வேறு கதை.

மரமஞ்சள், சிங்களத்தில் வெனிவெல்கெட்ட, பஸ்பங்குவவில் போடும் கொடி. அதிலுள்ள மஞ்சள் நிறப் பதார்த்தம் பெர்பெரின். அதுவும் கொக்ஸாக்கி வைரசைக் கலங்களில் அடக்கியதாக 2017 இல் ஆய்வு வந்தது. அதுவும் மருந்துகளை உடைக்கும் நொதியங்களில் தலையிடும். அதோடு மரமஞ்சள் காட்டில் மெதுவாக வளரும், அருகிவரும் கொடி. நிரூபணமாகாத ஒன்றுக்காக அதை வெட்டித் தீர்ப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

மருதம்பட்டைக்கு ஆயுள்வேதத்தில் இதயத்தோடு நெடுநாள் உறவு. புதுடில்லியில் இதயம் பலவீனமானவர்களிடம், யாருக்கு மருந்து, யாருக்கு வெற்றுக்குளிசை என்று நோயாளிக்கும் வைத்தியருக்கும் தெரியாதபடி அதன் சாறு சோதிக்கப்பட்டு, 2016 இல் முடிவு வெளியானது. இதயத்தின் தள்ளும் வலு கூடவில்லை. அவமானம் ஒன்றுமில்லை, சோதிக்க முன்வந்தார்களே, அதுதான் மரியாதை. சீனாவில் ஹுவாங்சீ என்ற வேரை இந்த நோய்க்கே பல காலமாகக் கொடுக்கிறார்கள், ஆய்வுகளும் நிறைய. கொக்ரேன் அமைப்பினர் அவற்றையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, சில அளவீடுகளில் முன்னேற்றம் தெரிந்தாலும் ஆய்வுகள் செய்யப்பட்ட தரம் போதாததால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றே முடித்தார்கள்.

இப்போது கார்த்திகைப் பூவுக்கு வருவோம். எங்கள் தாவரவியல் ரீச்சர் ஒருமுறை அதைக் கொடியோடு கொண்டுவந்து மேசையில் வைத்தது நினைவிருக்கிறது. இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டிருப்பதையும், தம்பம் செங்கோணத்தில் திரும்பிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதையும் காட்டினார். சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொன்ன காந்தள் இதுதான் என்றார். பாடம் முடிந்ததும் "எல்லாரும் போய்க் கை கழுவிப்போட்டு வாங்கோ" என்றார். அப்போது சிரித்தோம்.

அந்தக் கொடியின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது கொல்சிசின். கீல்வாதத்துக்கு மிகப் பழைய மருந்து. தமிழ்நாட்டில் திண்டுக்கல், கரூர்ப் பக்கங்களில் இதன் விதைக்காகவே தோட்டம் செய்கிறார்கள். கொல்சிசின் வெண்குழியங்களின் உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் சேர்வதைத் தடுக்கிறது. குழாய் இல்லாமல் அவை நகர்ந்து சென்று அழற்சியைப் பெருக்க முடியாது. இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் வரும் அழற்சிக்கு இது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட மருந்து. 2013 இல் இத்தாலியர்கள் செய்த நல்ல ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. உறைக்கு நல்லது என்றால் தசைக்கும் நல்லதாக இருக்குமே என்று நினைப்பது இயற்கை.

அதைச் சுண்டெலிகளில் பார்த்தார்கள். 2016 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கொக்ஸாக்கி பீ 3 தொற்றிய எலிகளுக்குக் கொல்சிசின் கொடுத்தார்கள். நோய் மோசமாகி எலிகள் இறந்தன. 2022 இல் பேர்லின் ஆய்வாளர்கள் அதே வைரஸ், அதே மருந்து என்று எலிகளில் செய்தார்கள். இதயத்தின் வேலை முன்னேறியது, அழற்சி குறைந்தது. எங்கள் தோழி தேடி எடுத்தது இந்த இரண்டாவது ஆய்வு. முதலாவது அவர் கண்ணில் படவில்லை.

இரண்டு ஆய்வுகளும் பொய்யல்ல. எலியின் இனம், மருந்து கொடுத்த வழி, தொடங்கிய நேரம் என்று பலதும் வேறுபட்டன. முன்பு சொன்ன காலக்கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். வைரஸ் பெருகும் நேரத்தில் வெண்குழியங்களைக் கட்டிப்போட்டால் யாருக்கு உதவி? மனிதரில் இதே பாடத்தை 1995 இலேயே படித்தாகிவிட்டது. 111 நோயாளிகளைக் கொண்ட ஓர் ஆய்வில் நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகளைக் கொடுத்தபோது, கொடுக்காதவர்களைவிட அவர்கள் நன்றாக இருக்கவில்லை. ஆகவே, கார்த்திகைக் கிழங்கின் கொல்சிசின் இந்த நோய்க்கு நல்லதா என்று கேட்டால் எங்கள் பதில்: எந்த நாளில், எவ்வளவு, எந்த நோயாளிக்கு என்று திருப்பிக் கேட்போம். வட்ஸ்அப்பில் இந்த மூன்றும் வராது.

அளவைப் பற்றி இன்னும் ஒன்று. கொல்சிசின் குளிசை ஒன்று அரை மில்லிகிராம். மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே மெல்லிய கோடுதான் உண்டு. சில நுண்ணுயிர்க்கொல்லிகளுடன், குறிப்பாகக் கிளரித்ரோமைசினுடன் சேர்ந்தால் அந்தக் கோடும் அழிந்துவிடும். கிழங்கில் எவ்வளவு இருக்கிறதென்று கொடி சொல்லாது. வத்தாளங்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் எமது நாட்டு வைத்தியசாலைகளுக்கு வந்திருக்கிறார்கள். முதலில் வாந்தியும் வயிற்றோட்டமும், பிறகு என்புமச்சை பாதிப்பு. தப்பினால், சில வாரத்தில் தலைமுடி கொட்டும். சித்த வைத்தியர்களும் இந்தக் கிழங்கைச் சுத்தி செய்யாமல் தொட்டதில்லை. "இயற்கை, ஆகவே தீங்கில்லை" என்பது அவர்கள் சொன்ன வாக்கியம் அல்ல. போத்தலில் அடைத்து விற்பவர்கள் சொல்வது.

நீங்கள் எங்களைத் தாவர விரோதிகள் என்று எண்ணிவிடக் கூடாது. இதய மருத்துவத்தின் பழம்பெரும் மருந்தே செடியிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற வைத்தியர், ஷ்ரொப்ஷயரில் ஒரு மூதாட்டி உடல் வீக்கத்துக்குக் கொடுத்துவந்த இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்த மருந்தைப் பார்த்து, அதில் வேலை செய்வது டிஜிற்றாலிஸ் செடிதான் என்று கண்டுபிடித்தார். பல வருடங்கள் நோயாளிகளில் அளவு பார்த்து, தவறிய கதைகளையும் மறைக்காமல் 1785 இல் நூலாக எழுதினார். மூதாட்டியின் பெயரை மட்டும் எழுதவில்லை. பெண்கள் கல்லூரி மேடையில் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அதன் உறவான பதார்த்தங்கள் எங்கள் வேலியோர மஞ்சள் அலரியிலும் இருக்கின்றன. அவை இதயத்தை என்ன செய்யும் என்பதை வடக்கில் வேலை செய்த வைத்தியர்கள் அனைவரும் அறிவார்கள். டிஜிற்றாலிஸ் கூட இந்த நோயில் எச்சரிக்கையோடுதான். 1999 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், வைரஸ் இதய அழற்சி உள்ள எலிகளுக்கு அதைக் கூடிய அளவில் கொடுத்தபோது இதயச் சேதம் கூடியதைக் கண்டார்கள். வழமையில் இதயத்தைத் தாங்கும் மருந்து, அழன்று கிடக்கும் இதயத்துக்கு ஆகவில்லை.

அப்படியானால் பிள்ளைக்கு என்னதான் கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள். இதயத்தின் சுமையைக் குறைக்கும் குளிசைகள், நாடியை ஓயாமல் பார்க்கும் கருவி, எல்லாவற்றுக்கும் மேலாக ஓய்வு. இந்த நோய் வந்தவர்களைப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் வரை கடும் விளையாட்டைத் தவிர்க்கச் சொல்வார்கள். அழற்சியுள்ள தசை, ஓடும்போது நாடியைக் குழப்பி உயிரை எடுத்துவிடலாம்.

இந்த இடத்தில் நாங்கள் இருவரும் ஒருவரை நினைக்கிறோம். எங்களுக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவர். காய்ச்சல் மாறி மூன்றாம் நாள், இல்ல விளையாட்டுப் போட்டியில் தன் இல்லம் தோற்கக் கூடாது என்று ஓடினார். வளைவு தாண்டியதும் விழுந்தார். பிறகு எழவில்லை. அன்றைக்கு வெயில் என்றார்கள், விரதம் என்றார்கள், கண்ணூறு என்றும் சொன்னார்கள். இன்று எங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. உறுதி செய்ய வழியில்லை. அவருடைய பெயரைச் சொல்லவில்லை. அந்த வருடம் மைதானத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

ஆகவே இங்கிருக்கும் உடற்கல்வி ஆசிரியைகளிடமும் தாய்மாரிடமும் ஒன்று கேட்கிறோம். காய்ச்சல் விட்டபிறகும் பிள்ளைக்கு இளைப்பு, நெஞ்சுநோ, படபடப்பு, மயக்கம், மல்லாந்து படுக்க முடியாமை, காய்ச்சலுக்குப் பொருந்தாத வேகத்தில் நாடி, இவற்றில் ஏதாவது இருந்தால் கசாயம் வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். ஈசீஜியும் ட்ரோபொனின் என்ற குருதிச் சோதனையும் எடுக்கக்கூடிய இடத்துக்குக் கொண்டுபோங்கள். கொண்டுபோகும்போது அதுவரை குடித்த எல்லாவற்றையும், கசாயம் உட்பட, ஒளிக்காமல் சொல்லுங்கள். ஏச்சு விழும் என்று ஒளிப்பார்கள். உண்மையில் எங்கள் தொழிலில் உள்ள சிலர் ஏசுவதும் உண்டு. அது எங்கள் பக்கத்துப் பிழை.

தோழியின் மகன் ஆறு மாதம் பந்தைத் தொடவில்லை. பிறகு எடுத்த எக்கோவில் இதயத்தின் வலு பெரும்பாலும் திரும்பியிருந்தது. ஒரு குளிசை மட்டும் இன்னும் தொடர்கிறது. கார்த்திகைக் கிழங்கைப் பரிந்துரைத்த தோழி இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். இந்த உரையின் முதல் வரைவைப் படித்து, "என்னை விடாதேங்கோ, எழுதுங்கோ" என்றவரும் அவர்தான்.

போன மாதம் ரொறன்ரோவிலிருந்து மறுபடி ஒரு செய்தி வந்தது. மகனுக்குத் தடிமன், மல்லித் தண்ணி குடுக்கலாமோ என்று கேட்டிருந்தார். தாராளமாகக் குடு, இஞ்சியும் ஒரு துண்டு தட்டிப் போடு, ஆனால் தடிமன் மாறும்வரை ஓட விடாதே என்று எழுதினோம்.